இதயம் எழுதும் தேர்வு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுதல் மரபு. எனக்கு முன் பேசிய பெரியோர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். கூறியதையே கூறி உங்கள் காலத்தைக் கவர நான் விரும்பவில்லை. இதயத்தைப் பற்றியும், உடலை உழைக்க வைத்து இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனையைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன். வரலாறு படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்பவன். ஆயினும், இச்சோதனைக்கு உட்பட்டவன் என்ற உரிமையும், இதனை அறியாமையால் ஓர் உறவை இழந்தவன் என்ற துயரமும் எனக்கு உண்டு. அவ்விரண்டுமே என்னைப் பேசத் தூண்டுகின்றன.

அண்ணன் சொன்ன சொல்

என் பெரியப்பா மகன் மதுரைக் கீழமாசி வீதியில் மூட்டை தூக்கும் தொழிலாளியாய் இருந்தார். நான் பி.எட். படித்த ஆண்டில் கட்டிய கட்டணம், அவர் முதுகில் ஏறி இறங்கிய அரிசி மூட்டைகளின் கூலியே. நாற்பத்தாறு வயதளவில் அவருக்கு ஒரு தொல்லை தொடங்கிற்று. மூட்டையுடன் நாலு படி ஏறினால் நடு நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல் அழுத்தும். இடத்தோள் வரை கடுக்கும். மூட்டையை இறக்கி வைத்து, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் அடங்கிவிடும். வாய்வு என்றார். சோடா குடித்தார், பூண்டும் பெருங்காயமும் தின்றார். “உழைக்கிற உடம்புக்கு நெஞ்சுநோய் வராது, தம்பி. அது உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருவது” என்பது அவர் முடிவு.

ஒரு நாள் வற்புறுத்தி அவரை ஒரு மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். மார்பிலும் கைகால்களிலும் கம்பிகளை மாட்ட வந்ததும் எழுந்துவிட்டார். “கரண்ட் வைக்கப் போகிறார்கள், எனக்கு வேண்டாம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். நானும் அவரைத் தடுக்கவில்லை. பட்டம் பெற்றவனாகிய எனக்கும் அந்தக் கம்பிகள் என்ன செய்யும் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு சொல் சொல்லியிருப்பேன். 2004-ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை, லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்தார். மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்லையே இன்று உங்களிடம் சொல்கிறேன்: அந்தக் கம்பிகள் உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. இதயம் தானே உண்டாக்கும் மின்சாரத்தைக் கேட்டு எழுதுகின்றன. அவ்வளவே.

இதயத்தின் மின்னோட்டம்

நம் ஒவ்வொருவர் மார்பிலும் மின்னாக்கும் சிறு நிலையம் ஒன்று இருக்கிறது. இதயத்தின் வலப்பக்க மேலறையில் உள்ள ஒரு சிறு திசுமுடிச்சு, ஓய்வாய் இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை மின்துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு முதலில் மேலறைகளில் பரவுகிறது. நடுவில் ஒரு கணம் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மின்துடிப்பு சென்ற வழியெல்லாம் தசை சுருங்குகிறது. குருதி வெளியே தள்ளப்படுகிறது. இவ்வாறு ஒரு நாளில் ஏறத்தாழ 1 இலட்சம் முறை நிகழ்கிறது. இந்த மின்னோட்டத்தின் எதிரொலி தோலின் மேற்பரப்பிலும் தோன்றும். அதன் அளவு ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கே. கைவிளக்கில் போடும் சிறு பேட்டரியின் ஆற்றல் 1.5 வோல்ட் என்பதை எண்ணினால் இதன் நுண்மை விளங்கும்.

இந்நுண்ணிய ஓட்டத்தைத் தெளிவாக வரைந்து காட்டிய பெருமை, ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் என்பாரைச் சாரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடையுடையது. அதனை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். மருத்துவமனைக்கும் அவர் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே இருந்த 1.5 கிலோமீட்டர் தொலைவைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, 1905-ஆம் ஆண்டிலேயே இதயத்தின் பதிவை அனுப்பிக் காட்டினார். 1924-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. அன்றைய உப்புநீர்த் தொட்டிகளின் இடத்தில்தான் இன்று மார்பில் ஒட்டும் சிறு வில்லைகள் இருக்கின்றன. அன்று ஓர் அறையை அடைத்த கருவி இன்று ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

இ.சி.ஜி. தாளில் காணும் மேடுபள்ளங்களுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துகளைப் பெயராய் இட்டவரும் அவரே. மேலறைகளின் துடிப்பு ‘பி’ என்னும் சிறு மேடு. கீழறைகளின் துடிப்பு க்யூ, ஆர், எஸ் என்னும் கூர்மையான கோபுரம். சுருங்கிய தசை மீண்டும் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாதல் ‘டி’ என்னும் மேடு. ‘எஸ்’ஸுக்கும் ‘டி’க்கும் இடையே ஒரு சமதளம் உண்டு. இச்சமதளத்தை மறவாது நினைவிற் கொள்ளுங்கள். நம் பேச்சின் உயிர்நிலை அதுவே.

ஓய்வில் மறைந்திருப்பது உழைப்பில் வெளிப்படும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளியின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது என் நெஞ்சிலும் அந்த அம்மிக்கல் வந்து அமர்ந்தது. நின்றால் போய்விடும். அண்ணனின் நினைவு வர, அஞ்சி ஓடி ஒரு மருத்துவ நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். குறை ஏதுமில்லை என்றனர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் காட்டி மகிழ்ந்தேன்.

நம் கழகத்தின் மாலை நேர வகுப்பில் படித்து, இன்று செவிலியராய் விளங்கும் என் மாணவி ஒருத்தி அத்தாளைப் பார்த்துவிட்டு, “சார், இதை எடுத்தபோது நீங்கள் படுத்திருந்தீர்களா, நடந்துகொண்டிருந்தீர்களா?” என்று கேட்டாள். “படுத்திருந்தேன்” என்றேன். “வலி எப்போது வருகிறது?” என்றாள். “மாடிப்படி ஏறும்போது” என்றேன். “அப்படியானால், வலி வராத நேரத்தில் எடுத்த தாளை வைத்துக்கொண்டு வலியைப் பற்றி எப்படி முடிவு செய்தீர்கள்?” என்றாள். முப்பது ஆண்டுகள் கேள்வி கேட்டே பழகிய நான் விடை தெரியாமல் நின்றேன். இக்கழகம் எனக்குச் செய்த உதவிகளுள் அக்கேள்வியே தலையாயது.

அவள் கேட்டதன் பொருளை நம் ஊர் வாய்க்காலைக் கொண்டு விளக்கலாம். 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணை பயனுக்கு வந்தபின், மேலூர்ச் சமவெளி வரை வாய்க்கால் நீர் பாய்ந்தது. ஒரு வாய்க்காலில் பாதிக்கு மேல் மண் மேடிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடவில்லாக் காலத்தில் நாலு தென்னைக்குப் பாயும் நீருக்கு அது போதும், குறை தெரியாது. எல்லா வயலும் ஒருசேர நீர் கேட்கும் நடவு நாளில்தான் கடைமடை காய்ந்து கிடக்கும். வாய்க்காலின் குறையைக் காண வேண்டுமாயின் நடவு நாளில் போய்ப் பார்க்க வேண்டும்.

இதயம் உடலெங்கும் குருதியை அனுப்புகிறது. ஆயின் இதயத் தசைக்கே குருதி தருபவை அதன் மேல் படர்ந்த சிறு தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகும். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு குறுகினாலும், ஓய்வாய் இருக்கும்போது தசைக்கு வேண்டிய குருதி சென்றுவிடும். உழைக்கும்போது நலமான இதயத் தமனிகளில் ஓட்டம் நான்கைந்து மடங்கு பெருகும்; குறுகிய தமனியில் அவ்வாறு பெருக இயலாது. தசையின் உள்ளடுக்கு முதலில் காய்கிறது. அப்போதுதான் நெஞ்சு அழுத்துகிறது. அப்போதுதான் ‘எஸ்’ஸுக்கும் ‘டி’க்கும் இடைப்பட்ட அந்தச் சமதளம் தாழ்ந்து இறங்குகிறது.

சோதனை நிகழும் முறை

ஆதலின் இதயத்தை உழைக்க வைத்தே பதிவு செய்ய வேண்டும் என்று அறிஞர் கண்டனர். அமெரிக்காவில் ஆர்தர் மாஸ்டர் என்பவர் 1929-ஆம் ஆண்டில் இரண்டு சிறு படிகளை ஏறி இறங்கச் செய்யும் சோதனையை வகுத்தார். சியாட்டில் நகரத்து மருத்துவர் இராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறையே இன்றும் பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படுகிறது. காலடியில் ஓடும் பட்டையின் மேல் நின்ற இடத்திலேயே நடக்கச் செய்யும் பொறி அது. ‘டிரெட்மில்’ என்பர், மருத்துவமனைச் சீட்டில் ‘டி.எம்.டி.’ என்று எழுதுவர்.

நான் உட்பட்ட முறையையே சொல்கிறேன். இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் இலேசான உணவு. அதன்பின் காபியும் இல்லை, புகையிலையும் கூடாது. உண்ணும் மாத்திரைகளை எல்லாம் முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார். நாமாக எதையும் நிறுத்தலாகாது. மார்பின் உரோமத்தைச் சற்று மழித்து, பத்து இடங்களில் வில்லைகளை ஒட்டினர். கையில் இரத்த அழுத்தம் அளக்கும் பட்டை. மகளிராயின் தளர்ந்த மேலாடையுடன் பெண் பணியாளர் துணையோடு செய்யக் கேட்கலாம், கூச்சம் வேண்டுவதில்லை.

முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்; நூறு அடி சென்றால் பத்து அடி உயரும் ஏற்றம். சந்தைக்கு நடப்பது போலிருந்தது. அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர் வேகம், ஏற்றம் பன்னிரண்டு. திருப்பரங்குன்றம் மலை ஏறுவது போல் மூச்சு வாங்கிற்று. மூன்றாம் கட்டம் 5.5 கிலோமீட்டர், ஏற்றம் பதினான்கு. அக்கட்டத்தை நான் எட்டவில்லை. ஐந்தாம் நிமிடத்திலேயே அம்மிக்கல் வந்துவிட்டது. மறைக்காமல் சொன்னேன். உடனே பொறியை நிறுத்தி அமர வைத்தனர். சமதளம் 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. 1 மில்லிமீட்டர் தாழ்ந்தாலே ஐயத்திற்கு இடம் உண்டு என்பர்.

இதயத்தை எவ்வளவு தூரம் உழைக்க வைப்பது என்பதற்கும் ஒரு கணக்குண்டு. 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் நூற்றுக்கு 85 பங்கு துடிப்பையேனும் எட்டினால் சோதனை நிறைவு. ஐம்பது வயதினருக்கு நிமிடத்திற்கு 145 துடிப்பு. அதற்கு முன்பே வலியோ மயக்கமோ தோன்றினாலும், இரத்த அழுத்தம் இறங்கினாலும் நிறுத்திவிடுவர். மருத்துவர் அருகிலிருக்க, அவசரச் சிகிச்சைக்கு வேண்டியவை ஆயத்தமாய் இருக்க வேண்டும். உயிருக்கு ஊறு நேர்தல் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒருவருக்கே. இறங்கிய பிறகும் சில நிமிடங்கள் பதிவு தொடரும். சிலர்க்கு மாற்றம் ஓய்வெடுக்கும்போதே தெரிவதுண்டு.

பின்னர் எனக்கு மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தித் தமனிகளைப் படமெடுத்தனர். ஒன்று குறுகியிருந்தது. அதனை விரித்து ‘ஸ்டென்ட்’ வைத்தனர். இன்று மருந்துண்டு, இரண்டாம் மாடி வகுப்புக்கும் ஏறி இறங்கி, உங்கள் முன் நிற்கிறேன்.

சோதனையின் எல்லை

தேர்வு நடத்தும் ஆசிரியன் நான். எந்தத் தேர்வும் முழு உண்மையைச் சொல்லிவிடாது என்பது எனக்குத் தெரியும். தமனி குறுகியவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரையே இச்சோதனை காட்டிக் கொடுக்கும். நோயில்லாதவர் சிலர்க்கும், சிறப்பாக மகளிர் சிலர்க்கும், நோய் உள்ளதுபோல் காட்டிவிடுவதும் உண்டு. ஆகவே ‘பாசிட்டிவ்’ என்றால் இடிந்து போக வேண்டாம். அடுத்த சோதனைக்கு அது வழிகாட்டி. ‘நெகட்டிவ்’ என்றால் பீடியைப் பற்ற வைக்க உரிமை கிடைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பெரிதும் குறுகாத தமனியிலும் கொழுப்புப் படிவு வெடித்துக் குருதி உறையக் கூடும். மூட்டுவலியால் நடக்க இயலாதவர்க்கும், ஓய்வு நிலைப் பதிவிலேயே சிலவகை மாற்றங்கள் உள்ளவர்க்கும் வேறு சோதனைகள் உள்ளன.

குறையேதும் இல்லாத இளைஞர்கள் விளம்பரத்தைக் கண்டு பணம் கட்டி இச்சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டுவதில்லை. ஆயின், காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடப் பயிலும் தம்பிகளே! ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, வீட்டில் இளவயதில் எவரேனும் திடீரென மாண்டிருந்தாலோ, வேலை போய்விடுமே என்று மறைக்காதீர்கள். மருத்துவரிடம் சென்று சொல்லுங்கள். வேலை அடுத்த ஆண்டும் வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன். ஓய்வாய் இருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டி, கால் மணி நேரமாகியும் அடங்காவிடில், அது டிரெட்மில்லுக்குப் போகும் நேரமன்று. அந்நிலையில் நடத்தல் கேடு. உடனே 108-ஐ அழையுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் அவ்வூர்தி கட்டணமின்றி வருகிறது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே குருதி உறைவைத் தடுக்கும் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். ‘வாய்வு’ என்று சோடா வாங்கச் செல்லும் கால் மணி நேரத்தில் இதயத் தசை கருகுகிறது என்பதை மறவாதீர்கள்.

வாயில் திறந்திருக்கிறது

1939-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயில் வாயில் நம் முன்னோர்க்குத் திறந்தது. அதற்கு முன் எத்தனையோ வாயில்கள் நமக்கு மூடியிருந்தன. அவற்றைத் திறக்கப் பலர் பாடுபட்டனர். இன்று பனகல் சாலையில் அரசு இராசாசி மருத்துவமனையின் வாயில் இரவும் பகலும் திறந்திருக்கிறது. அங்கே இதய நோய்ப் பிரிவும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. அந்த அட்டை எத்தனை வீடுகளில் இருக்கிறது? இருக்கும் வீட்டிலும் பெட்டியின் எந்த மூலையில் கிடக்கிறது? வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாய்ச் சென்று அதனைக் கேட்டுக் குறித்து, இல்லாதவர்க்குப் பெற்றுத் தருவார்களாயின், அதுவே சிறந்த விழாப் பணியாகும்.

அரசு மருத்துவமனைக்குச் செல்வது மானக்குறைவு என்போர்க்கு ஒன்று சொல்வேன். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து, 1957 முதல் 1967 வரை அமைச்சராய் இருந்த கக்கன் அவர்கள், பதவி நீங்கிய பின் நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில்தான் படுத்திருந்தார். அவருக்கு இல்லாத மானக்குறைவு நமக்கு வந்துவிடாது.

அண்ணல் அம்பேத்கர் நெடுநாள் நீரிழிவு நோயால் நலிந்து, 1956 டிசம்பர் 6 அன்று தம் 65-ஆம் வயதில் மறைந்தார். இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் என்று ஏங்காத நம்மவர் இல்லை. ஆனால் நம் வீட்டிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள தந்தையை, படியேறி நின்று நெஞ்சைத் தடவும் தாயை, என்றேனும் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறோமா? “எப்போது வலிக்கிறது? உழைக்கும்போதா, ஓய்விலா? எவ்வளவு நேரம்?” இம்மூன்று கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டுவதில்லை. பெண்களுக்கு வலியாக அன்றி, மூச்சிரைப்பாகவும் பெருங்களைப்பாகவும் வெளிப்படலாம் என்பதையும் உடன் கேளுங்கள்.

உழைக்கிற உடம்புக்கு நெஞ்சுநோய் வராது என்று என் அண்ணன் நம்பினார். உழைப்பு உடலுக்கு நல்லதே. ஆனால் பீடியும், சர்க்கரையும், கவனியாத இரத்த அழுத்தமும் சேர்ந்து செய்யும் கேட்டை மூட்டை தூக்குதல் தடுத்துவிடாது. அவர் இதயம் ஒவ்வொரு நாளும் படிக்கட்டில் தேர்வெழுதிக்கொண்டுதான் இருந்தது. விடைத்தாளைத் திருத்த ஆளில்லை. அருகிலிருந்த எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உங்களுக்கு இனி அந்தக் குறை இருத்தலாகாது. கம்பியைக் கண்டு அஞ்சி எழும் பெரியவரின் கையைப் பற்றி, “கரண்ட் வைக்க மாட்டார்கள், அப்பா, உங்கள் நெஞ்சு சொல்வதைக் கேட்டு எழுதப் போகிறார்கள்” என்று சொல்லும் ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் நாம் பிள்ளைகளைப் படிக்க வைத்ததன் பயன்களுள் அதுவும் ஒன்றாகட்டும்.